மட்டக்களப்புப் பூங்காவும் நம் முன்னோரின் மருத்துவமனைகளும்

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுசைனிய்யா பள்ளிவாசலிலும் மக்கள் இஷா தொழுகையில் நின்றிருந்தனர். அந்நிலையில் விடுதலைப் புலிகள் அவர்களைச் சுட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தந்தையின் அருகில் ஸஃப்பில் நின்ற சிறுவர்களும் அவர்களில் இருந்தனர். சில நாள்களில் ஏறாவூரிலும் இரத்தம் சிந்தியது. செப்டம்பரில் சத்துருக்கொண்டானில் பெண்கள், கைக்குழந்தைகள் உட்படத் தமிழ்க் கிராமத்தார் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். அக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் 2 மணி நேரம்.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றி நம்மவர் நிறைய எழுதியிருக்கிறார்கள். இறந்தோரின் கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது. பிழைத்திருந்த பிள்ளைகள் அதன் பிறகு எவ்வாறு வளர்ந்தார்கள் என்ற வரலாறு அத்தனை எழுதப்படவில்லை. அந்த வரலாற்றின் ஒரு சிறு பகுதியையே இங்குக் கூற விரும்புகிறேன்.

போர்ச் சூழலில் வாழும் குழந்தைகளின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆராய்ந்த கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 1990களில் மட்டக்களப்பிலும் ஆய்வு நடத்தினர். கண்ணெதிரே வன்முறையைக் கண்ட பிள்ளைகள் அங்கு ஏராளமாக இருந்தனர். அவ்வாய்வின் தொடர்ச்சியாக 1996இல் மட்டக்களப்பில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்பது அதன் பெயர். கனடாவைச் சேர்ந்த ஓவியக் கலைஞர் பால் ஹோகன், உளவளத் துணையில் தேர்ந்த இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகம் ஆகியோர் அதன் தொடக்கத்தில் முதன்மையானவர்கள். ஹோகன் முன்னர் டொராண்டோவில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒன்றாகக் கூடி மண்ணிலும் வண்ணத்திலும் வேலை செய்யும் ஒரு தோட்டத்தை நடத்தியவர். அந்த அனுபவத்தையே அவர் கிழக்கிலங்கைக்குக் கொண்டுவந்தார்.

பூங்காவின் நடைமுறை எளியது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்து வருவார்கள். ஒரு குழுவில் 50 பிள்ளைகள் வரை இருப்பர். வாரத்தில் ஒரு நாள் என்ற கணக்கில் பல மாதங்கள் அவர்கள் வருவார்கள். களிமண் பிசைவது, வண்ணம் தீட்டுவது, செடி வளர்ப்பது, கதை கட்டுவது, அக்கதையை நடித்துப் பார்ப்பது ஆகியவையே அங்குப் பாடம். உடனிருந்து வழிநடத்தியவர்கள் வெளிநாட்டு வல்லுநர்கள் அல்லர். அப்பகுதியின் தமிழ், முஸ்லிம் இளைஞர்களே அதற்குப் பயிற்சி பெற்றார்கள். அவர்களும் அதே போரில் உற்றாரை இழந்தவர்கள்தாம்.

வெளியே சந்தையில்கூட ஒருவரையொருவர் நம்பாத காலம் அது. ஒரு ஊரார் மற்ற ஊருக்குள் செல்ல அஞ்சினர். அத்தகைய நாள்களில் காத்தான்குடிப் பிள்ளை தமிழ்ப் பிள்ளையுடன் ஒரே களிமண் குவியலில் கை வைத்தது. இதைச் சமய நல்லிணக்க விழாக்களோடு ஒப்பிட முடியாது. மேடை விழாவில் பெரியவர்கள் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இங்கு வாரந்தோறும், யாரும் படம் எடுக்காமல், அது நடந்தது.

பேசச் சொல்லாமல் வரையச் சொல்வதன் காரணம் என்ன? பேரச்சத்திற்கு ஆளான குழந்தையின் உள்ளத்தில் அந்நிகழ்ச்சி முதலும் முடிவும் உள்ள ஒரு கதையாகப் பதிவதில்லை. ஓர் ஓசை, ஒரு நிறம், ஒரு வாசனை எனத் துண்டு துண்டாகத் தங்கிவிடுகிறது. “என்ன நடந்தது?” என்று நாம் கேட்டால் அதற்கு விடை சொல்ல அப்பிள்ளையிடம் சொல் இல்லை. கையில் வண்ணம் கிடைத்தால் அந்தத் துண்டுகள் தாளில் இறங்குகின்றன. உள்ளே இருந்து துரத்தியது இப்போது எதிரே கிடக்கிறது. அதைத் திருத்தலாம், மேலே நிறம் பூசலாம், கிழித்தும் எறியலாம். அச்சத்தின் பிடியில் இருந்த பிள்ளை தன் அச்சத்தைக் கையாளத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

கலைவழிச் சிகிச்சை என்ற பெயர் புதியது. காசநோய்க்காக இங்கிலாந்தில் ஒரு மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்த ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் படுக்கையிலிருந்தே வரைந்து மனத்தெளிவு பெற்றார். பிற நோயாளிகளுக்கும் அதைக் கற்பித்து, 1942இல் அதற்கு இப்பெயரை இட்டார். பெயர் அவருடையதாக இருக்கலாம். பொருளை அறிய நாம் இன்னும் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பல்க் பகுதியில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ (கி.பி. 934இல் மறைந்தவர்) உடல், உள்ளம் இரண்டின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ் என்பது நூலின் பெயர். உடலுக்கு நோய் வருவதைப் போலவே உள்ளத்திற்கும் வரும், ஒன்று மற்றொன்றை நலிவிக்கும் என்பது அவர் கருத்து. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத எண்ணங்கள் ஆகியவற்றை அவர் தனித்தனியே ஆராய்ந்தார். துயரத்தையே இரண்டாகப் பிரித்தார். உற்றாரை இழப்பது போன்ற, காரணம் தெரிந்த துயரம் ஒன்று. காரணமே தெரியாமல் ஒருவரைச் சூழும் துயரம் மற்றொன்று. இரண்டாவதற்கு உடலிலும் காரணம் இருக்கலாம், எனவே உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்றார். “தொழுகையில் குறைவு, அதனால்தான் மனச்சோர்வு” என்று ஒற்றை வாக்கியத்தில் தீர்ப்பு வழங்குவோர் அந்நூலை ஒருமுறை வாசிக்கலாம்.

நூலில் இருந்த இந்தப் பார்வை கட்டடமாகவும் எழுந்தது. டமாஸ்கஸில் 1154இல் நூருத்தீன் ஸன்கீயும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூனும் வக்ஃபு சொத்துகளைக் கொண்டு பெரும் மருத்துவமனைகளை நிறுவினர். மன நோயாளிகளுக்கும் அங்கு இடம் இருந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் முடித்த மருத்துவமனை இன்றும் நிற்கிறது. பள்ளிவாசல், மருத்துவக் கல்லூரி, உணவுச் சாலை ஆகியவற்றோடு ஒரே வளாகத்தில் அது அமைந்தது. நடுவில் குவிமாடத்தின் கீழ் நீரூற்று. அதன் ஓசை அறைகளுக்குக் கேட்கும். 17ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பயணி எவ்லியா செலபி, நோயாளிகளுக்காகப் பாடகரும் இசைஞருமாகப் பத்துப் பேர் நியமிக்கப்பட்டு வாரத்தில் மூன்று முறை இசைத்ததையும், நறுமண மலர்கள் நோயாளிகளிடம் கொடுக்கப்பட்டதையும் பதிந்திருக்கிறார். இசைக்கருவிகள் குறித்து ஃபிக்ஹில் உள்ள கருத்து வேறுபாட்டை வாசகர் அறிவர். அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. உள்ளம் நோயுற்றவரை இருட்டறையில் தள்ளாமல் நீரோசைக்கும் மலருக்கும் அருகே வைத்தார்கள் என்பதே நான் கருதுவது.

இதே சமுதாயத்தின் வரலாற்றில்தான் ஏர்வாடியும் வருகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்குத் தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். பல சமயத்தாரும் பல ஊராரும் அங்கு நம்பிக்கையோடு கொண்டுவிடப்பட்டவர்கள். பின்னர் அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த நோயாளியையும் எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எதிர்னேயை உரையில் பெருமையாகச் சொல்லும் நாம் ஏர்வாடியையும் உடன் சொல்லப் பழக வேண்டும்.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை உருவம் வரையலாமா? உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைப்பது குறித்துக் கடுமையான எச்சரிக்கை ஹதீஸ்களில் உண்டு. அதைக் குறைத்துக் கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் ஓவியத் தொழில் செய்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு அவர்கள் வழி காட்டியதும் ஹதீஸில்தான் உள்ளது. ஆயிஷா (ரழி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றில் சிறகுள்ள குதிரை ஒன்று இருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு சிரித்ததையும் நாம் ஓதியிருக்கிறோம். சிறுவர்க்குரிய விளையாட்டுப் பொருளில் சலுகை உண்டு என்று பெரும்பாலான அறிஞர்கள் கூறுவது இதனால்தான். எனவே பேணுதலை நாடுவோருக்கும் கடல், மரம், வீடு, வானம், எழுத்தணி, வடிவக்கோலம் எனப் பரந்த வெளி திறந்தே இருக்கிறது. வீட்டை இழந்த பிள்ளை வீட்டைத்தானே முதலில் வரைகிறது!

இதைவிடப் பெரிய தடையாக நான் காண்பது, ஸப்ர் என்ற சொல்லை நாம் கையாளும் முறை. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. வியந்து கேட்ட தோழருக்கு, அது இரக்கம் என்று விளக்கினார்கள். யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தை இறைவனிடம் முறையிட்டதையும் அழுது கண் வெளுத்ததையும் குர்ஆன் கூறுகிறது. அவர்களே அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டும் ஆவார்கள். ஆக, பொறுமையும் கண்ணீரும் ஒரே உள்ளத்தில் இருந்தன. தடுக்கப்பட்டது மார்பில் அறைந்து ஒப்பாரி வைப்பதே. தமிழ் முஸ்லிம்கள் முனாஜாத்து என்ற பாடல் வகையை வளர்த்தது எதற்காக? சொல்லாற்றாத வேதனையை அல்லாஹ்விடம் முறையிட அதில் சந்தமும் இசையும் துணை வந்தன. நம் பாட்டிமார் அதைச் சிகிச்சை என்று அழைக்கவில்லை, அவ்வளவே.

கொரோனாவில் தந்தையை இழந்த பிள்ளைகள் எங்கள் மக்தபிலும் ஓதுகிறார்கள். “நீ அழுதால் அத்தாவுக்கு வேதனை” என்று சொல்லிச் சொல்லி அவர்களை அடக்கியவர்கள் கெட்டவர்கள் அல்லர், அன்புள்ள உறவினர்கள்தாம். அடங்கிய பிள்ளை நல்ல பிள்ளை என்று ஆசிரியர்களாகிய நாங்களும் எண்ணிவிடுகிறோம்.

ஆரணியில் இதை எழுதும்போது தறியோசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. முதல் உலகப் போரில் காயமுற்று மனம் கலங்கிய வீரர்களுக்கு மருத்துவமனைகளில் நெசவும் கூடை முடைதலும் கற்பிக்கப்பட்டன. பாவும் ஊடையும் ஒரே சீராகச் சேர்வது சிதறிய மனத்தைக் கூட்டியது. அப்படியென்றால் ஆரணியில் மனக்கவலையே இருக்கக் கூடாதே என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்கலாம். பட்டு நெய்பவர் நெய்வது பிறர் தந்த புட்டா, பிறர் குறித்த நாள், பிறர் தரும் கூலி. அதே தறி முன்பணக் கடனை நினைவூட்டிக்கொண்டும் இருக்கும். கை வேலை செய்வதால் மட்டும் உள்ளம் ஆறிவிடுவதில்லை. விலை பேசப்படாத, மதிப்பெண் போடப்படாத, தன் விருப்பத்துக்கு விடப்பட்ட வேலையாக அது இருக்க வேண்டும். மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அதுவே.

அத்தகைய ஒரு மணி நேரத்தை மக்தபில் ஏற்படுத்துவது கடினமன்று. வியாழன் அஸருக்குப் பின் பாய் விரித்து, தாளும் வண்ணமும் களிமண்ணும் வைத்தால் போதும். சில எல்லைகளை மட்டும் நாம் காக்க வேண்டும். “இது என்ன, கறுப்பாக இருக்கிறதே?” என்று விசாரிக்கக் கூடாது. பரிசு தரக் கூடாது. பிள்ளை வரைந்ததைப் பிறரிடம் காட்டுவதும், கைப்பேசியில் படமெடுத்துக் குழுவில் பரப்புவதும் அமானிதத்தை மீறுவதாகும். பிள்ளையாக வந்து சொன்னால் கேட்க வேண்டும். இதை ஆசிரியர் செய்யலாம். ஆயினும் இது பயிற்சி பெற்றவரின் சிகிச்சைக்கு மாற்றாகாது. உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, வாரக்கணக்கில் பேச்சற்றுப் போகும் பிள்ளையை, அல்லது சாவைப் பற்றிப் பேசும் பிள்ளையை, தாமதமின்றி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.