ஊரடங்கு மணிக் கோபுரம், பார்க்கிங்

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டுக்குத் தெற்கே, பார்க்கிங் நகரில் நிற்கும் இடைக்கால வாயில் கோபுரம் இது. ஆங்கிலத்தில் 'கர்ஃபியூ டவர்' என்பார்கள். 'ஃபயர் பெல் கேட்' (தீ மணி வாயில்) என்ற பெயரும் உண்டு. இல்ஃபோர்ட் லேனில் சேலைக் கடைகளையும் இனிப்புக் கடைகளையும் கடந்து தெற்கே நடந்தால் இங்கே வந்துவிடலாம். இல்ஃபோர்டும் நெடுங்காலம் பார்க்கிங் பங்கின் ஒரு பகுதிதான்; குடிமை நிர்வாகத்தில் 1888இல்தான் தனியாகப் பிரிந்தது.

இது நகர மதிலின் வாயிலன்று, பெண் துறவிகள் மடத்தின் வாயில். 7ஆம் நூற்றாண்டில் புனித எர்கன்வால்ட் தம் சகோதரி எத்தல்பர்காவுக்காக இந்த மடத்தை நிறுவினார். 1066இல் முடிசூடிய பின் மன்னர் முதலாம் வில்லியம் தங்கியது இங்கேதான். சுற்றுவட்டார நிலங்களெல்லாம் மடத்தலைவியின் ஆளுகையில் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் அடிலைசா என்ற மடத்தலைவி நிறுவிய மருத்துவமனையின் சிற்றாலயம் இல்ஃபோர்ட் ஹில்லில் இன்றும் இருக்கிறது. கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சகோதரி மேரியும் 1173இல் இம்மடத்தின் தலைவியானார்.

கோபுரம் 1370 வாக்கில் எழுந்தது. இன்று நாம் காணும் கட்டடம் 1460 வாக்கில் திரும்பக் கட்டப்பட்டது. கரடுமுரடான கல்லால் ஆன இரண்டு அடுக்குகள், உச்சியில் கோட்டைக் கொத்தளம் போன்ற பல்வரிசை, ஒரு மூலையில் சிறு தூபி. நம் ஊரிலும் கோபுரம் என்றால் வாயில்தான். ஆனால் அங்கே மேல்நிலைகளில் வழிபாடு நடப்பதில்லை. இங்கே வளைவுக்கு மேலேயே திருச்சிலுவைச் சிற்றாலயம் இருக்கிறது. சிலுவையில் இயேசுவும் இருபுறமும் மரியாளும் யோவானும் நிற்கும் கற்சிற்பம் அதனுள் இருக்கிறது. முகங்கள் தேய்ந்துபோன அந்தச் சிற்பம் கோபுரத்தைவிடவும் பழமையானது.

'கர்ஃபியூ' என்பது 'நெருப்பை மூடு' எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மாலையில் மணி ஒலித்ததும் வீடுகளில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவிட வேண்டும். மரவீடுகள் நெருங்கிநின்ற ஊர்களில் ஒரு பொறி போதும், தெருவே எரிந்துபோகும். கோபுரத்தின் இரண்டு பெயர்களும் அந்த அச்சத்தில் பிறந்தவை. இதையே தமிழ் 'ஊரடங்கு' என்கிறது. நம் சொல்லில் நெருப்பில்லை, ஓய்ந்த தெருதான் இருக்கிறது.

1539 நவம்பரில் மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தைக் கலைத்தார். கடைசித் தலைவி டாரதி பார்லியும் 30 துறவியரும் வெளியேறினார்கள். பிறகு ஒன்றரை ஆண்டு இடிப்பு வேலை நடந்தது. கூரையின் ஈயம் கிரீனிச் அரண்மனைக்கும், கற்கள் டார்ட்ஃபோர்டில் எழுந்த அரசரின் மாளிகைக்கும் போயின. மடத்தின் பெருங்கோயிலே தரைமட்டமான பிறகும் வாயில் மட்டும் தப்பியது. புனித மார்கரெட் பங்குக் கோயிலுக்குப் போகும் மக்களுக்கு அந்த வழி தேவைப்பட்டது. 1762 டிசம்பர் 21 அன்று கடலோடி ஜேம்ஸ் குக், எலிசபெத் பாட்ஸை மணந்தது அந்தக் கோயிலில்தான்.

1911இல் ஆய்வாளர் ஆல்ஃப்ரெட் கிளாப்பம் மடத்தின் அடித்தளங்களை அகழ்ந்து வெளிப்படுத்தினார். புல்வெளியில் தாழ்ந்து கிடக்கும் அந்தக் கல்வரிசைகளின் மீது இப்போது பிள்ளைகள் நடை பழகுகிறார்கள். கோபுரம் இரண்டாம் நிலை நட்சத்திரத் தகுதி பெற்ற பாதுகாக்கப்பட்ட கட்டடம்; பார்க்கிங் அண்ட் டாகனம் மாநகரச் சின்னத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் இன்றும் இதன் வளைவுக்குக் கீழே நுழைகிறார்கள்.