ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் பிழைப்பும்

ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பு என்பது குற்றம், விபத்து அல்லது விதிமீறல் காரணமாக ஒருவர் வாகனம் ஓட்டும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கி வைக்கும் நடவடிக்கை. நீதிமன்றமும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் இந்த ஆணையைப் பிறப்பிக்கலாம். பேச்சு வழக்கில் இது 'லைசென்ஸ் சஸ்பெண்ட்' எனப்படுகிறது. உரிமம் இழந்தவர் வேலைக்குச் சென்று வர மட்டும் வண்டி ஓட்டலாம் என அனுமதிக்கும் கட்டுப்பாட்டு உரிமம் அமெரிக்காவின் பல மாநிலங்களில் உண்டு. இந்தியச் சட்டத்தில் அந்தப் பெயரில் ஓர் உரிமம் இல்லை. அதற்கு நெருக்கமான சில வழிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன.

கடலூர் வட்டாரம்

கடலூர் மாவட்டத்தில் வாகனம் ஓட்டுவது பெரிய பிழைப்பு. நெய்வேலி நிலக்கரி நிறுவனம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை, துறைமுகம் ஆகியவற்றைச் சார்ந்து லாரிகள் ஓடுகின்றன. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கும், செம்மண்டலம் வழியாக நெல்லிக்குப்பம், பண்ருட்டிக்கும் அரசுப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் செல்கின்றன. கடலூர் வண்டிகளுக்கு டி.என். 31, சிதம்பரம் வண்டிகளுக்கு டி.என். 91 என்பது பதிவு எண்.

வடக்கே சில கிலோமீட்டரில் புதுச்சேரி எல்லை. அங்கே மது விலை குறைவு என்பதால் எல்லைச் சாலையில் குடித்துவிட்டு ஓட்டும் வழக்குகள் பழக்கமானவை. மாநில எல்லையைத் தாண்டினால் தண்டனையும் நின்றுவிடும் என்ற எண்ணம் தவறு. ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும். தகுதியிழப்பும் அப்படியே.

சட்ட வரலாறு

1914-ல் இயற்றப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. மோட்டார் வண்டி அன்று பெரும்பாலும் செல்வந்தர்களின் உடைமை. உரிமம் போனால் குடும்பத்தின் வருமானம் போகும் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பேருந்துகளும் லாரிகளும் பெருகின. ஓட்டுநர் வேலை ஒரு தொழிலாக நிலைபெற்றது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சூழலில் வந்தது. பிரிட்டனின் 1930 சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று. தகுதியிழந்தவர் ஆறு மாதம் கழிந்தபின் தடையை நீக்கக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம் என்ற ஏற்பாடு அந்தப் பிரிட்டிஷ் சட்டத்தில் இருந்தது.

இன்று நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவு வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் 20-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கும் தகுதியிழக்கச் செய்யும் அதிகாரத்தை அளிக்கின்றன. வழக்கமான குற்றவாளி, வழக்கமான குடிகாரர், போதைப் பொருளுக்கு அடிமையானவர், பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு வாகனத்தைப் பயன்படுத்தியவர், ஆபத்தாக ஓட்டும் வழக்கம் உடையவர் ஆகியோர் 19-ஆம் பிரிவின் பட்டியலில் வருகிறார்கள். ஓட்டுநரிடம் விளக்கம் கேட்ட பின்பே அலுவலர் ஆணையிட வேண்டும்.

பிழைப்புக்கான வழிகள்

முதல் வழி வாகன வகை. தகுதியிழப்பு எல்லா வாகனங்களுக்கும் இருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட வகைக்கு மட்டும் ஆணையிடலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆணையில் எந்த அளவு குறிக்கப்பட்டுள்ளதோ அந்த அளவுக்கே உரிமம் செயலிழக்கும் என்கிறது 23-ஆம் பிரிவு. கனரக வாகனத்துக்கு மட்டும் தடை பெற்ற லாரி ஓட்டுநர் தன் இருசக்கர வாகனத்தை ஓட்டலாம். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-லும், பின்னர் அரசியல் சாசன அமர்வாக 2024 நவம்பரிலும் தீர்ப்பளித்தது. இதனால் வகைவாரித் தடைக்குப் புதிய பொருள் கிடைத்தது. பேருந்தை இழந்தவருக்கு டாக்சியோ சிறு சரக்கு வண்டியோ மிஞ்சலாம்.

இரண்டாவது மேல்முறையீடு. வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் ஆணை கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் மேல் அதிகாரியிடம் முறையிடலாம்.

மூன்றாவது, 23-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. ஆணை பிறந்து ஆறு மாதம் கழிந்தபின், ஆணையிட்ட நீதிமன்றத்தையோ அதிகாரியையோ அணுகித் தடையை நீக்கவோ மாற்றவோ கேட்கலாம். எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். மறுக்கப்பட்டால் அடுத்த மனுவுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கட்டுப்பாட்டு உரிமத்துக்கு இந்தியாவில் மிக நெருங்கிய ஏற்பாடு இதுதான்.

இதில் ஒரு முரண் உள்ளது. பல ஆண்டுத் தடை பெற்றவருக்கு ஆறு மாதத்தில் ஒரு கதவு திறக்கிறது. மூன்று மாதத் தடை பெற்றவருக்கு அந்தக் கதவு திறப்பதற்குள் தடையே முடிந்துவிடும். மேல்முறையீட்டு ஆணை வருவதற்குள்ளும் அந்த மூன்று மாதம் கழிந்துவிடக்கூடும். நாட்கூலி ஓட்டுநருக்கு நிகழும் இழப்பு பெரும்பாலும் இத்தகைய குறுகிய தடைகளால்தான்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

குறுகிய தடைக்கு உண்மையான தீர்வு நீதிமன்றத்தில் கிடைத்தது. உயிரிழப்பு விபத்து நடந்து முதல் தகவல் அறிக்கை பதிவானதும் ஓட்டுநரின் உரிமத்தை நிறுத்தி வைப்பது தமிழ்நாட்டில் வழக்கமாக இருந்தது. அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் பலர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். காவல்துறை வழக்குப் பதிவு செய்ததாலேயே ஓட்டுநர் குற்றவாளி ஆகிவிடமாட்டார், அதை மட்டும் வைத்து உரிமத்தை நிறுத்த முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் அளித்த தீர்ப்பு 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியானது. பின்வந்த பல வழக்குகளில் அது மேற்கோளானது. பிழைக்கும் உரிமை வாழும் உரிமையின் பகுதி என்ற உச்ச நீதிமன்றத்தின் 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இத்தகைய வாதங்களுக்குத் துணை நிற்கிறது.

இதே கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-ல் எதிர்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று கிராமப்புறச் சபைகளுக்குக் காரில் சென்று ஊழியம் செய்த பாதிரியார் ஒருவரின் வண்டி மீது, சைக்கிளில் வந்த சிறுமி மோதினாள். காப்பீடு இல்லாததால் அவருடைய உரிமத்தை நிறுத்த மாநிலம் முனைந்தது. பிழைப்புக்கு உரிமம் இன்றியமையாததாகிவிட்ட நிலையில், தவறு அவருடையதா என்று விசாரிக்காமல் அதைப் பறிக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

2015-க்குப் பின்

சாலை விபத்து உயிரிழப்புகள் மறுபக்கத்தில் அழுத்தம் கொடுத்தன. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடிபோதை, ஓட்டும்போது செல்பேசி ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்துமாறு அது கூறியது.

2019 சட்டத் திருத்தம் இந்தப் போக்கைச் சட்டமாக்கியது. சில குற்றங்களில் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்பலாம். முதல் முறை மூன்று மாதத் தடை, மறுமுறை உரிமம் ரத்து. தடை பெற்றவர் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும். தலைக்கவசம் அணியாமைக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு. தடைக் காலத்தில் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ஆயினும் அலுவலர் விளக்கம் கேட்க வேண்டும், விரிவான காரணத்தை எழுத வேண்டும் என்ற நிபந்தனைகள் இத்திருத்தத்திலும் நீடிக்கின்றன. ஓட்டுநர் தன் நிலையைச் சொல்ல உள்ள முதல் இடம் விளக்கம் கேட்கும் அறிவிப்புக்கு அவர் தரும் பதில்தான்.

சிறையிலிருந்து திரும்பியவர்கள்

கடலூர் கேப்பர் மலையில் மத்திய சிறை உள்ளது. சிறைவாசம் தன்னளவில் ஓட்டுநர் உரிமத்தை ரத்து செய்வதில்லை. அதற்கென நீதிமன்றமோ அலுவலரோ தனி ஆணையிட வேண்டும். பலருக்கு உரிமம் போவது காலாவதியால்தான். முன்பு உரிமம் காலாவதியாகி ஐந்து ஆண்டு வரை தேர்வின்றிப் புதுப்பிக்க முடிந்தது. 2019 திருத்தம் அதை ஓராண்டாகக் குறைத்தது. அதற்கு மேல் சிறையில் கழிந்தால் மீண்டும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும்.

விபத்துக் குற்றத்துக்கான சிறைத் தண்டனையும் கூடியுள்ளது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது ஐந்து ஆண்டு. விபத்தை ஏற்படுத்திவிட்டுத் தெரிவிக்காமல் ஓடினால் பத்து ஆண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாட்டின் பல பகுதிகளில் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த உட்பிரிவு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.