லாகோஸில் இருப்பது 91 லட்சம் பேரா, 1.75 கோடி பேரா? மக்கள்தொகை தெரியாத நகரத்தை எப்படித் திட்டமிடுவது?

ஒரு நகரத்துக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலை உங்களிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் என்ன கேட்பீர்கள்? "எத்தனை பேர் இருக்காங்க?" என்றுதானே? நைஜீரியாவின் லாகோஸில் அந்த முதல் கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

2006 மார்ச்சில் நைஜீரிய மத்திய அரசு எடுத்த கணக்கின்படி லாகோஸ் மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 91 லட்சம். அதே ஆண்டு மாநில அரசு தனியாக எடுத்த கணக்கு சொன்னது 1.75 கோடி. ஒரே இடம், ஒரே ஆண்டு, 84 லட்சம் பேர் வித்தியாசம்! பரப்பளவில் நைஜீரியாவின் மிகச் சிறிய மாநிலம் இது; மக்களில் பெரும்பாலானோர் வசிப்பது லாகோஸ் நகரத்தில்தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பணமும் அதிகாரமும் தலைக்கணக்கைப் பொறுத்தே பிரிக்கப்படுகின்றன என்பதுதான் காரணம். எண்ணெய் வருவாய் முதலில் மத்தியத் தொகுப்புக்குப் போகும். அதில் மாநிலங்களின் பங்கைப் பிரிக்கும் சூத்திரத்தில் 30 சதவீத எடை மக்கள்தொகைக்கு. நாடாளுமன்றக் கீழவை இடங்களுக்கும் அதுதான் அடிப்படை. தொகுதி மறுவரையறை விவாதத்தைப் பின்தொடர்பவர் என்றால் இந்தத் தர்க்கம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

2006 கணக்கெடுப்பு, வடக்கே உள்ள கானோ மாநிலத்துக்கு 94 லட்சம் என்றது. அதாவது லாகோஸைவிட அதிகம். லாகோஸ் அதை ஏற்கவில்லை. எண்ணும் உரிமை தேசிய மக்கள்தொகை ஆணையத்துக்கு மட்டுமே என்றது மத்திய அரசு. 2013-ல் கணக்கெடுப்புத் தீர்ப்பாயம் லாகோஸின் 14 உள்ளாட்சிப் பகுதிகளின் முடிவுகளை ரத்து செய்தது. அதே ஆண்டு, நாட்டின் பழைய கணக்கெடுப்புகள் எதுவுமே நம்பத்தக்கதல்ல என்று சொன்ன ஆணையத் தலைவர் ஃபெஸ்டஸ் ஒடிமெக்வு, வடமாநிலத் தலைவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து பதவி விலகினார்.

இது பழைய சண்டை. 1962 கணக்கெடுப்பு கைவிடப்பட்டது, 1973 கணக்கெடுப்பும் ரத்தானது. 2006 படிவத்தில் மதமும் இனமும் கேட்கப்படவே இல்லை.

அதற்காக லாகோஸ் அரசின் 1.75 கோடியை அப்படியே நம்பிவிட வேண்டாம். கூட்டிச் சொன்னால் அவர்களுக்கும் லாபம் உண்டு. 2018-ல் லாகோஸ் நகர்ப்பகுதிக்கு ஐ.நா. கொடுத்த மதிப்பீடு சுமார் 1.35 கோடி.

சரி, இதனால் என்ன?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். முதல் எண்ணுக்கு 91 கோடி லிட்டர் போதும். இரண்டாவது எண்ணுக்கு 175 கோடி லிட்டர் வேண்டும். முதல் எண்ணை நம்பிக் கட்டி, இரண்டாவது எண் உண்மையானால் பாதி ஊருக்குத் தண்ணீர் வராது. தலைகீழாக நடந்தால், வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே மாநிலம் களைத்துவிடும்.

நடைமுறையில் லாகோஸ்வாசிகள் அரசுக் குழாய்க்குக் காத்திருப்பதில்லை. வசதி உள்ளவர் சொந்தமாக போர்வெல் போடுகிறார், ஜெனரேட்டர் வாங்குகிறார். இல்லாதவர் தள்ளுவண்டியில் கேன் அடுக்கி வருபவரிடம் வாங்குகிறார். குடிப்பதற்கு 'பியூர் வாட்டர்' எனப்படும் பிளாஸ்டிக் பாக்கெட். லிட்டர் கணக்கில் பார்த்தால் குழாய் இல்லாத ஏழைதான் அதிகம் கொடுக்கிறார்.

போக்குவரத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ஒரு சாலையில் எத்தனை 'டான்ஃபோ' (மஞ்சள் நிற தனியார் மினி பஸ்) போகிறது, எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்பதை ரோட்டோரம் நின்றே எண்ணிவிடலாம், அதற்கு மத்திய அரசின் கணக்கெடுப்பு தேவையில்லை. 2008-ல் தனிப்பாதை பஸ் சேவை வந்தது. பத்தாண்டுக்கும் மேல் இழுத்த 13 கிலோமீட்டர் நீல வழித்தட ரயில், 2023 செப்டம்பரில் பயணிகளை ஏற்றியது. அடுத்த ஆண்டு சிவப்பு வழித்தடமும் ஓடத் தொடங்கியது.

குடிசைப் பகுதிகளில் எண்கள் இன்னும் மோசம். காயலில் மரக்கால்கள் மேல் வீடு கட்டி வாழும் மகோகோவில், மதிப்பீடுகள் சில பத்தாயிரங்களில் தொடங்கி லட்சங்கள் வரை போகின்றன. கென்யாவில் இதற்கு நேர் எதிரான கதை. நைரோபியின் கிபேராவில் 10 லட்சம் பேர் என்று ஊடகங்களும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகள் எழுதின. 2009 கணக்கெடுப்பில் வந்தது 1,70,070. அந்த எண்ணிலும் விடுபட்டவர்கள் இருக்கலாம். ஆனால் 'ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய குடிசைப் பகுதி' என்ற வரியை அடுத்த முறை படிக்கும்போது கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

செயற்கைக்கோள் எண்ணித் தராதா?

ஓரளவு தரும். வடக்கு நைஜீரியாவில் போலியோ சொட்டு மருந்துக் குழுக்கள், வரைபடத்தில் இல்லாத குடியிருப்புகளைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் கண்டுபிடித்தன. அந்த அனுபவத்திலிருந்து கட்டடங்களை எண்ணி மக்கள்தொகையை மதிப்பிடும் முறை வளர்ந்தது. ஆனால் லாகோஸில் 'ஃபேஸ் மீ ஐ ஃபேஸ் யூ' என்றொரு வீட்டு வகை உண்டு. நடுவில் நடை, இரண்டு பக்கமும் எதிரெதிரே அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் பொதுக் கழிப்பறை. மேலிருந்து பார்த்தால் ஒரே கூரை. அடியில் 5 பேரா, 50 பேரா என்பதைக் கதவைத் தட்டிக் கேட்டால்தான் தெரியும்.

அப்படிக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பு 2023 மே மாதத் தொடக்கத்தில் நடக்க இருந்தது. தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், அதிபர் புஹாரி அதைத் தள்ளிவைத்தார்.