மூன்று எழுத்தில் ஒரு மன்றாட்டு



நவம்பர் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு வாசனை வந்துவிடும். புல் செதுக்குகிறோம், சிலுவைகளுக்கு வெள்ளையடிக்கிறோம், மழையில் மங்கிப்போன பெயர்களைக் கறுப்பு வண்ணத்தால் மறுபடி எழுதுகிறோம். அப்போது பெயருக்கு மேலே மூன்று எழுத்துகளையும் கை தானாக எழுதிவிடுகிறது: ஆர், ஐ, பி. சாவுச் செய்தி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த அடுத்த நிமிடம் அதே மூன்று எழுத்தும் வரிசையாக வந்து விழுகின்றன. இருபது பேர், முப்பது பேர் அனுப்பியிருப்பார்கள். அவர்களில் அந்த நிமிடம் கண்ணை மூடி இறந்தவருக்காக ஒரு வார்த்தை வேண்டியவர் எத்தனை பேர்? கணக்குக் கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், அவற்றை அனுப்பும் விரல் கொஞ்சம் நின்று யோசிக்கும் என்பதற்காகவே சொல்கிறோம்.

இது ஆங்கிலச் சொற்றொடரின் சுருக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆங்கிலத்துக்கும் அந்த மூன்று எழுத்து பொருந்திப்போனது ஒரு தற்செயல். மூலம் இலத்தீன்: ‘ரெக்குவியெஸ்காத் இன் பாச்சே’. ‘இவர் அமைதியில் இளைப்பாறுக’ என்பது பொருள். இதில் வரும் வினைச்சொல் கட்டளையும் இல்லை, செய்தியும் இல்லை. வேண்டுதலைச் சொல்லும் வினை. நம் தமிழில் இதற்கு வியங்கோள் என்று பெயர். ‘வாழ்க’, ‘வருக’ என்கிறோமே, அதே வகை. பழைய செபப் புத்தகத்தை வைத்திருக்கும் பாட்டிமார்களுக்கு ‘இளைப்பாறக்கடவது’ என்ற முடிவு நினைவிருக்கும். இறந்தவர் அமைதியாகிவிட்டார் என்று அது அறிவிக்கவில்லை. அவருக்கு அமைதி கொடும் என்று ஒருவரிடம் கேட்கிறது. கேட்கப்படுகிறவர் கடவுள்.

இந்த வேண்டுதலின் வேர், உரோமை நகரத்துக்கு வெளியே மண்ணுக்கடியில் இருக்கிறது. ஆப்பியா சாலையில் புனித கலிஸ்து சுரங்கக் கல்லறை, சலாரியா சாலையில் பிரிஸ்கில்லா சுரங்கக் கல்லறை என, இரண்டாம் நூற்றாண்டு தொடங்கிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரை எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து அடக்கம் செய்தார்கள். அந்த நகரத்தின் மற்ற மக்கள் தங்கள் கல்லறைக் கல்லின் தலையில் ‘தீஸ் மானிபுஸ்’ என்பதன் சுருக்கமாக இரண்டு எழுத்து வெட்டுவார்கள். மறைந்த முன்னோர் ஆவிகளுக்குப் படையல் என்று பொருள். அடியில் நான்கு எழுத்து வெட்டுவதும் உண்டு: ‘மண் உனக்குப் பாரமாய் இராதிருக்கட்டும்’. இது உருக்கமான சொல்தான். பிள்ளையைப் புதைத்த எந்தத் தாய்க்கும் அந்த ஏக்கம் புரியும். ஆனால் மண்ணுக்கு மேல் அங்கே வேறு எதிர்பார்ப்பு இல்லை.

கிறிஸ்தவர்களின் கல்லில் சொற்கள் மாறின. ‘இன் பாச்சே’, அதாவது ‘அமைதியில்’ என்ற இரண்டு சொல். சில இடங்களில் அது மட்டுமே. பெயரோடு வேறொன்றும் இல்லை. இந்தச் சொல்லை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதே நகரத்து யூதர்களின் கல்லறைகளில், உன் துயில் அமைதியில் இருப்பதாக என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நேர்மையாளர் அமைதிக்குள் சென்று தம் படுக்கையில் இளைப்பாறுவர் என்ற எண்ணம் எசாயா 57-ஆம் அதிகாரத்திலேயே உண்டு. மூத்த சகோதரரிடமிருந்து நாம் பெற்ற சொத்து இது. புதைக்கும் இடத்துக்கு அன்றைய கிறிஸ்தவர் வைத்த பெயர் ‘கோய்மெத்தேரியோன்’. தூங்கும் இடம் என்று அர்த்தம். ‘செமெட்ரி’ என்று இன்று சொல்வது அதன் மருவல்தான். அடக்கம் செய்யப்பட்டவரைக் குறிக்க ‘தெப்போசித்துஸ்’ என்று எழுதினார்கள். வைப்பாக ஒப்படைக்கப்பட்டவர் என்று பொருள். வங்கியில் டெபாசிட் போடுகிறோமே, அதே சொல். திரும்பப் பெறுவதற்காக வைத்தது.

பழக்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கும் அங்கேயே ஒரு கல் சாட்சி சொல்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிசினியா அமியாஸ் என்ற பெண்ணுக்காக உரோமையில் நாட்டப்பட்ட கல் அது. நடுவில் இரண்டு மீன், ஒரு நங்கூரம், ‘உயிருள்ளோரின் மீன்’ என்று கிரேக்கத்தில் விசுவாச அறிக்கை. ஆனால் தலையில் முன்னோர் ஆவிகளுக்கான அந்த இரண்டு எழுத்து அப்படியே இருக்கிறது! கல்லறைக் கல் என்றால் அந்த எழுத்து இருக்க வேண்டும் என்று கொத்தனுக்கும் வழக்கம், குடும்பத்துக்கும் வழக்கம். பொருள் போய்விட்டது, எழுத்து நின்றது. நம் வாட்ஸ்அப் எழுத்துகளுக்கும் அந்த நிலை வந்துகொண்டிருக்கிறதோ என்ற பயம் நமக்கு உண்டு.

‘இளைப்பாற்றி’ என்ற நம் சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆதிக் கிறிஸ்தவர் இறந்தோருக்காகக் கேட்ட இன்னொரு வரம் ‘ரெஃப்ரிஜேரியும்’. குளிர்ச்சி, களைப்புத் தீர்த்தல் என்று பொருள். கல்லறையருகே கூடி உண்ணும் நினைவு உணவுக்கும் அதுவே பெயர். ஆப்பியா சாலையில் புனித செபஸ்தியார் ஆலயத்தின் அடியில், மூன்றாம் நூற்றாண்டுத் திருப்பயணிகள் சுவரில் கீறிவைத்த எழுத்துகளில் பேதுரு, பவுல் பெயர்களோடு இந்தச் சொல்லும் இருக்கிறது. உரோமைத் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டிலும் குளிர்ச்சியும் ஒளியும் அமைதியும் உள்ள இடத்தை இறந்தோருக்காகக் கேட்கிறோம். வெயில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளைப்பு என்றால் மூச்சு வாங்கும் களைப்பு. அது ஆறுவது இளைப்பாறுதல். தலைச்சுமையை இறக்கி மர நிழலில் உட்காருகிறவரின் நிலை. நம் முன்னோர் பொருத்தமான சொல்லைத்தான் எடுத்தார்கள்.

புனித மோனிக்கா இந்த இரண்டையும் அறிந்தவர். ஆப்பிரிக்க வழக்கப்படி அப்பமும் திராட்சை இரசமும் கூழும் எடுத்துக்கொண்டு புனிதர்களின் கல்லறைக்குப் போய்ப் பழகியவர். மிலான் நகரில் வாயிற்காப்போர் தடுத்தார். ஆயர் அம்புரோசியார் அதை நிறுத்திவிட்டார் என்று கேட்டதும் மறு பேச்சின்றி விட்டுவிட்டார். 387-ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் அவர் சாகக் கிடந்தபோது, சொந்த மண்ணில் அடக்கம் ஆகாமல் போகிறாரே என்று பிள்ளைகள் வருந்தினார்கள். உடலை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்தத் தாய். அகுஸ்தினார் இதைத் தம் ‘ஒப்புகைகள்’ ஒன்பதாம் புத்தகத்தில் எழுதிவிட்டு, இதை வாசிக்கிற எல்லாரும் தம் பெற்றோர் இருவரையும் பலிபீடத்தில் நினைக்க வேண்டும் என்றும் கேட்கிறார். தம் தாய் புண்ணியவதி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் அவருடைய பாவ மன்னிப்புக்காக மன்றாடினார். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

‘நித்திய இளைப்பாற்றி’ என்று தொடங்கும் நம் மன்றாட்டின் மூலம், எஸ்ரா நான்காம் நூல் என்னும், விவிலியத் திருமுறையில் சேராத ஒரு பழைய நூலில் இருக்கிறது. முடிவில்லா இளைப்பாறுதலும் முடிவில்லா ஒளியும் அங்கே இறைமக்களுக்கு வாக்களிக்கப்படுகின்றன. திருச்சபை அந்த வாக்குறுதியை எடுத்து மன்றாட்டாக மாற்றிக்கொண்டது.

இப்போது திருப்பலிக்கு வருவோம். 1570-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலில், அதற்கும் முந்திய வழக்கத்தைப் பின்பற்றி, ஒரு சிறு விதி உண்டு. சாதாரணத் திருப்பலியின் முடிவில் குரு மக்களைப் பார்த்து ‘ஈத்தே, மிஸ்ஸா எஸ்த்’ என்று அனுப்பிவைப்பார், பிறகு ஆசீர் அளிப்பார். இறந்தோர் திருப்பலியில் அப்படி இல்லை. அவர் மக்கள் பக்கம் திரும்பமாட்டார். பலிபீடத்தைப் பார்த்தபடியே ‘ரெக்குவியெஸ்கான்த் இன் பாச்சே’ என்பார். மக்கள் ‘ஆமென்’ என்பார்கள். இறுதி ஆசீர் கிடையாது.

வயதில் மூத்தவர்கள் சிலர் இதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் ஆசீர் இல்லை? அன்றைய வழிபாடு முழுவதும் இறந்தவருக்கே. இருப்பவர்களுக்கான மரியாதைகள் ஒதுக்கிவைக்கப்பட்டன. ஏன் மக்களைப் பார்க்கவில்லை? அது மக்களுக்குச் சொல்லும் ஆறுதல் வார்த்தை அன்று; கடவுளிடம் கேட்பது. இன்னொன்றையும் கவனியுங்கள். சவப்பெட்டியில் இருப்பது ஒருவர்தான். ஆனால் சொல் ‘ரெக்குவியெஸ்காத்’ என்ற ஒருமை அன்று, ‘ரெக்குவியெஸ்கான்த்’ என்ற பன்மை. ‘இவர்கள் இளைப்பாறுக.’ ஒருவருக்காகவே ஒப்புக்கொடுத்த திருப்பலியானாலும் பன்மையில்தான் சொல்லவேண்டும் என்று விதியே இருந்தது. பண்ணையார் இறந்த நாளில் பாடற்பூசை நடந்தாலும், அந்தக் கடைசி வார்த்தையில் பூசைக்குக் காசு கட்ட ஆள் இல்லாத கூலிக்காரனும் சேர்ந்துகொண்டான். நம் தமிழ் இலக்கணத்துக்கு இந்த விதி தேவைப்படவில்லை. வியங்கோள் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். ‘இளைப்பாறுக’ என்றால் அவனும் அவளும் அவர்களும் அடக்கம்.

இந்த மன்றாட்டைச் சுற்றிச் சண்டையும் நடந்தது. இறந்தோருக்கான பக்தியைக் காசாக்கியவர்கள் திருச்சபைக்குள் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. லூத்தரின் கோபத்துக்கு அதுவும் காரணம். 1563 டிசம்பரில் திரிதெந்து பொதுச்சங்கம், உத்தரிக்கும் நிலை உண்டு, நம் மன்றாட்டு அவர்களுக்கு உதவும் என்று உறுதிசெய்தபோதே, மூட நம்பிக்கையையும் இழிவான ஆதாயத்தையும் தடைசெய்ய ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. இங்கிலாந்தில் 1549-இன் வேண்டல் நூலில் இருந்த இறந்தோருக்கான மன்றாட்டுகள் 1552-இன் பதிப்பில் நீக்கப்பட்டன.

அந்த இங்கிலாந்தின் வைட் தீவில், காரிஸ்புரூக் என்னும் ஊரில், மேரி வுல்ஃப்ரி என்ற கத்தோலிக்கக் கைம்பெண் ஆங்கிலிக்கன் கோவில் வளாகத்தில் கணவர் ஜோசப்புக்குக் கல் நாட்டினார். அவருடைய ஆன்மாவுக்காக வேண்டுங்கள் என்று எழுதி, மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தையும் சுட்டியிருந்தார். போரில் மடிந்த தன் வீரர்களின் ஆடைக்குள் சிலைத் தாயத்துகள் இருக்கக் கண்ட யூதா மக்கபே, அவர்களுக்காகப் பணம் திரட்டி எருசலேமுக்குப் பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்க அனுப்பிய இடம் அது. ஊர்க் குரு வழக்குப் போட்டார். 1838-இல் ஆர்ச்சஸ் நீதிமன்றம், இறந்தோருக்காக வேண்டுவதை இங்கிலாந்துத் திருச்சபை வெளிப்படையாகத் தடைசெய்யவில்லை என்று சொல்லிக் கல்லை விட்டுவைத்தது. ஒரு வரிக்காக அந்த அம்மாள் நீதிமன்றம் வரை போனார்!

2017-இல், சீர்திருத்தத்தின் 500-ஆம் ஆண்டில், வட அயர்லாந்தின் புரோட்டஸ்டன்டு அமைப்பான ஆரஞ்சு சங்கம் இந்த மூன்று எழுத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. அது இறந்தவருக்கான மன்றாட்டு, எனவே தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்பது அவர்கள் காரணம். அவர்கள் முடிவு நமக்கு ஏற்புடையது அன்று. ஆனால் அந்த எழுத்துகளின் பொருளை அவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள். அது மன்றாட்டு என்று மறந்தவர்கள் நாம்தான்.

எப்படி மறந்தோம்? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், அடக்கச் சடங்கு பாஸ்கா மறைபொருளைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்றது. 1969-இல் புதிய சடங்குமுறை வந்தது. கறுப்பு உடை கட்டாயம் இல்லை என்றானது, தீர்ப்பு நாளைப் பற்றிய அச்சமூட்டும் பாடல் போயிற்று, பலிபீடம் நோக்கிய அந்தக் கடைசி வார்த்தையும் போயிற்று. உயிர்ப்பின் நம்பிக்கை முன்னுக்கு வந்தது, அது நல்லதே. ஆனால் நாம் ஒரு படி தாண்டிப் போய்விட்டோம். இன்று அடக்கத் திருப்பலியில் ‘பாவங்களை மன்னித்தருளும்’ என்று வேண்டினால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. “எங்க அப்பா நேரா மோட்சத்துக்குப் போயிட்டாரு சாமி” என்கிறார்கள். ஃப்ளெக்ஸ் பேனரில் புகழ், ஒலிபெருக்கியில் புகழ், இரங்கல் உரையில் புகழ். அடக்கத் திருப்பலியின் மறையுரையில் புகழுரை கூடாது என்று திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்வது குருவின் கடுமையால் அன்று. புகழ் நமக்கு இதம் தருகிறது. இறந்தவருக்குத் தேவையானது மோனிக்காவின் மகன் தம் தாய்க்குக் கொடுத்தது.

அந்தப் பன்மையும் நமக்கு வேண்டும். 2020-இல் அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்த நாள்களை மறந்திருக்கமாட்டோம். பூசை இல்லாமல், மணி அடிக்காமல், பிள்ளைகள் முகம் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களில் பலருக்கு இன்றும் கல் இல்லை, எழுத்து இல்லை.

முதல் உலகப் போரில் இளைஞர்கள் கும்பல் கும்பலாகப் புதைக்கப்பட்டபோது, 1915 ஆகஸ்டில் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், நவம்பர் 2 அன்று உலகின் எல்லாக் குருக்களும் மூன்று திருப்பலி நிறைவேற்ற அனுமதி தந்தார். ஒன்றுக்கு மட்டும் காணிக்கை பெறலாம். இன்னொன்று திருத்தந்தையின் கருத்துக்காக. மற்றொன்று மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும். நம் பங்கில் இந்த ஆண்டு அந்த எல்லாருக்குமான திருப்பலி காலை 6 மணிக்குக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவையடியில் நடைபெறும். அதற்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டாம். யார் பெயரும் வாசிக்கப்படாது.