காத்திராமை என்னும் உடன்படிக்கை

சுனாமி என்ற ஜப்பானியச் சொல் 2004 டிசம்பர் 26 அன்று ஒரே நாளில் நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. கடல்கோள் என்ற பழஞ்சொல்லும், கபாடபுரத்தையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் கடல்கொண்ட கதைகளும் நம் ஏடுகளில் ஏற்கெனவே இருந்தன. ஆயினும், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடல் பொங்கினால் வீட்டிலுள்ளோர் என்ன செய்வது என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. பேரிடரின் பெயரை ஜப்பானிடமிருந்து பெற்ற நாம், அதனுடன் அங்கே வழங்கும் மற்றொரு சொல்லைப் பெறவில்லை. அச்சொல் 'தெந்தென்கோ'.

'அவரவர் தனித்தனியே' என்பது அதன் பொருள். ஜப்பானின் வடகிழக்கிலுள்ள சான்ரிக்கு கடற்கரையின் வட்டார வழக்கு அது. அலை வரும்போது ஒருவருக்காக ஒருவர் நில்லாமல் அவரவர் மேட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்பதே 'சுனாமி தெந்தென்கோ'.

பேரிழப்பிலிருந்து பிறந்த பாடம் இது. 1896 ஜூன் 15 மாலை, சிறுவர் திருநாள் கொண்டாட்டத்தில் இருந்த அக்கரையோர ஊர்களை நில அதிர்ச்சி மெல்லவே அசைத்தது. எவரும் பொருட்படுத்தவில்லை. அரைமணி நேரத்துக்குப்பின் வந்த அலைகள் சுமார் 22,000 பேரைக் கொண்டுபோயின. பெற்றோரைத் தேடிய பிள்ளைகளும் பிள்ளைகளைத் தேடிய பெற்றோரும் சேர்ந்தே மாண்டனர். 1933 மார்ச் 3 பின்னிரவில் அதே கரையில் மீண்டும் அலை எழுந்தபோது, ரியோரி என்ற ஊரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பனியில் ஓடி மலையேறிப் பிழைத்தான். அவன் தந்தையோ பிள்ளைகளை விட்டுத் தனியே ஓடியிருந்தார். பின்னாளில் சுனாமி வரலாற்றாசிரியரான யமஷிதா ஃபுமியோவே அச்சிறுவன். 1990இல் ஒரு மாநாட்டில் அவர் இதனை எடுத்துரைத்த பின்னரே தெந்தென்கோ என்ற சொல் ஜப்பான் முழுதும் பரவலாயிற்று.

கேட்ட மாத்திரத்தில் இது நமக்கு ஈவிரக்கமற்றதாகத் தோன்றும். தாய் பிள்ளையை விட்டு ஓடுவதா? இதற்கான விடை, அலை வருவதற்கு நெடுநாள் முன்பே அடுக்களையில் நடக்கும் பேச்சில் இருக்கிறது. எந்த மேட்டுக்குச் செல்வது, எங்கே மீண்டும் சந்திப்பது என்று குடும்பம் முன்னதாகவே பேசி முடிவுசெய்திருக்க வேண்டும். மகள் ஓடிவிட்டாள் என்று தாய் உறுதியாக நம்பினால்தான் தாயும் ஓட முடியும். கமாய்ஷி நகரப் பள்ளிகளில் பேரிடர்க் கல்வி புகட்டிய பேராசிரியர் கடடா தோஷிடகா, 'நான் கட்டாயம் ஓடிவிடுவேன். நீங்களும் ஓடிவிடுங்கள்' என்று பெற்றோரிடம் சொல்லிவைக்குமாறு பிள்ளைகளைப் பழக்கினார்.

2011 மார்ச் 11 பிற்பகல் அச்சொல்லுக்குச் சோதனை வந்தது. ஜப்பானில் 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போன அந்நாளில், கமாய்ஷியில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோரை இழந்தனர். ஆனால் அந்நகரின் தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 3,000 பேரில் ஐவர் தவிர அனைவரும் உயிர்தப்பினர். ஒரு பள்ளியில் மாணவர்கள் முன்னமே வீடு திரும்பியிருந்தனர். உடன் ஆசிரியர் இல்லாமலே, இருந்த இடத்திலிருந்து அவர்கள் மேடேறினர்.

முதியோரும் நோயாளிகளும் எப்படி ஓடுவர் என்ற கேள்வி எஞ்சுகிறது. பிறரைக் காக்கச் சென்ற ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் 250க்கும் மேற்பட்டோர் அன்று உயிரிழந்தனர். யாருக்கு யார் கைகொடுப்பது என்பதையும் ஊர் முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றே யமஷிதாவும் வலியுறுத்தினார்.

நீர், மருந்து, கைவிளக்கு, ஆவணங்கள் கொண்ட பையை வாசலருகே வைப்பது எளிது. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி முன்னெச்சரிக்கை மையமும் இயங்குகிறது. ஆனால் எச்சரிக்கை வந்தபின் ஒரு வீட்டில் கழியும் முதல் சில நிமிடங்களை எந்த மையமும் நமக்காக நடத்தித் தராது. நம் கரையோரக் குடும்பங்கள் ஓர் இரவு உணவின்போது இதைப் பேசித் தீர்த்துக்கொண்டால், கடல்கோள் என்ற நம் பழஞ்சொல்லோடு வாழ்வதற்கான சொல்லொன்றும் சேரும்.