உல்லம் இல்லாத அட்டவணை: காவிரியின் உணவு வலையும் மாதிரிகளின் எல்லையும்

திருவரங்கத் தீவைச் சூழ்ந்தோடும் காவிரி, கொள்ளிடம் ஆகிய ஆறுகளின் உணவு வலையை மாதிரியாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது ஓர் இல்லாமையை. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் எதிரேறும் உல்லம் மீன் இன்று இங்கு வருவதில்லை. ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1830களில் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. இத்தகைய அணைகள் உல்லத்தின் வலசையை மறிப்பதைப் பிரான்சிஸ் டே தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் வெள்ளத்தின் காலமும் அளவும் மாறின. உல்ல மீன்பிடிப்பு நலிந்தது.

ஜெஃப்ரி பொலோவினா 1984இல் ஹவாய்ப் பவளத்தீவு ஒன்றுக்கு வகுத்த ஈகோபாத் முறை, ஒவ்வோர் உயிர்க்குழுவின் உற்பத்தியும் அதன் இழப்பும் சமனாகும் எனக் கொள்கிறது. கணக்குச் சமனானதும் வலை முழுமையானது என்ற தோற்றம் எழுகிறது. ஆனால் உல்லத்திற்கு இடமே தராத அட்டவணையும் பிழையின்றிச் சமனாகும்! 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த சிலேபிக் கெண்டை, அதில் ஆற்றின் தொல்குடிபோல அமர்ந்திருக்கும். கோடையில் மணற்பரப்பாகி, மேட்டூர் திறந்ததும் பெருகும் ஆற்றுக்கு ஆண்டுச் சராசரி எதைக் காட்டும்? வற்றும் மடுவில் ஒதுங்கிய விரால் எதை உண்கிறது என்பதை அச்சராசரி மறைத்துவிடும்.

மாதிரியை விலக்க வேண்டும் என்பதன்று என் வாதம். பழைய ஆவணங்களுக்கும் குறையுண்டு. டேயின் அறிக்கை தடையைச் சொல்கிறது, உயிர்த்திரளின் எடையைச் சொல்வதில்லை. எனவே மேட்டூருக்கு முந்தைய வலையை ஒரே விடையாகத் தராமல், உல்லம் மிகுந்ததும் அருகியதுமான இரு அட்டவணைகளாகக் கணித்து, அவற்றிடையேயான வேறுபாட்டையும் முடிவுடன் சேர்த்தே வெளியிடலாம்.