சிறுவயது மனக்காயமும் பால் வேறுபாடும்

சிறுவயது மனக்காயம் என்பது 18 வயதுக்குள் பட்ட அடி, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு, வீட்டில் கண்ட வன்முறை ஆகியவை மனத்தில் விட்டுச்செல்லும் பாதிப்பு. ஆண், பெண் இருவரையும் அது முதிர்வயதுவரை தொடரக்கூடும். வெளிப்படும் விதம்தான் பெரும்பாலும் வேறு.

ஆய்வுகள்

சிறுவயதுத் துன்பங்கள் பெருகப் பெருக, மனச்சோர்வு, குடிநோய், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயமும் கூடுவதை 1998இல் அமெரிக்காவின் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் எடுத்துக்காட்டினர். சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016இல் நடத்திய தேசிய ஆய்வில், ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் இத்தகைய அனுபவம் ஒன்றேனும் தமக்கு நேர்ந்ததாகக் கூறினர். பெற்றோரின் அன்பும் கவனிப்பும் கிட்டாமையே அதிகம் சொல்லப்பட்டது.

வெளிப்பாடு

பெண்களிடம் மனச்சோர்வு, பதற்றம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் மிகுதி. கடைசியாகச் சொன்னது ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. ஆண்களிடம் குடி, சினம், விதிமீறல் மிகுதி. இவை சராசரிகள் மட்டுமே; உள்ளுக்குள் ஒடுங்கும் ஆண்களும் வெடித்துக் கிளம்பும் பெண்களும் உண்டு.

சிங்கப்பூரின் செங்காங் போன்ற இளங்குடும்பங்கள் நிறைந்த நகரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் இரவுதோறும் சண்டை என்று வைத்துக்கொள்வோம். மகள் போர்வைக்குள் சுருண்டு, காலையில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போவாள்; அவள் வாடுவது யார் கண்ணிலும் படாது. மகன் வகுப்பில் கைகலப்பில் இறங்கித் தண்டனை வாங்குவான். அவன் வலி முரட்டுத்தனமாகவே தெரியும். காயம் ஒன்றே.

காரணங்கள்

பாலியல் கொடுமைக்குச் சிறுமிகளே அதிகம் ஆளாகின்றனர். பூப்புப் பருவ ஹார்மோன் மாற்றங்களுக்கும் இவ்வேறுபாட்டில் பங்குண்டு. மனக்காயமுற்ற சிறுவர், சிறுமியரின் மூளையில் இன்சுலா என்னும் பகுதியின் அமைப்பு இருபாலரிடையே வேறுபடுவதை ஸ்டான்ஃபர்டு ஆய்வு ஒன்று 2016இல் கண்டது. வளர்ப்பும் சேர்கிறது: 'ஆம்பளப் பிள்ளை அழலாமா?' என்ற கேள்வி பல சிறுவர்களின் வாயை அடைத்துவிடுகிறது.

உதவி

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் 'ரீச்' என்னும் மாணவர் மனநலக் குழுக்கள் 2007 முதல் பள்ளிகளுடன் இணைந்து இயங்குகின்றன. மனக்காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இருபாலருக்கும் பயனளிக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் வல்லுறவுக் குற்றத்தின் வரையறை 2020 ஜனவரி முதல் ஆண்களுக்கு நேரும் கொடுமையையும் உள்ளடக்குகிறது. தனக்கு நேர்ந்ததைச் சொல்லப் பெயரின்றித் தவித்த சிறுவனுக்கு, சட்டமே ஒரு சொல்லைத் தந்திருக்கிறது.